கப்பலில் அப்பா உட்கார்ந்து சாப்பிட்ட வேளை

வெண்ணெய் உருகும் வாசனையும் டீசல் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் பசியெடுக்கும். தட்டாஞ்சாவடியில் நான் வேலை செய்யும் பட்டறைக்குப் பக்கத்தில் பிஸ்கட் போடும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே அடுப்பு எரியும் நேரமாகப் பார்த்து எங்கள் வாசலில் லாரி வந்து நின்று புகை விட்டால், கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா நிற்பேன். சின்ன வயதில் நான் ஏறிய கப்பலின் வாசனை அது. "கப்பல்ல என்னாப்பா சாப்ட்டீங்க?" என்று என் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், வேலை விட்டு வந்த அலுப்பில் "ஐஸ்கிரீம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். அது சரியான பதில் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். பிள்ளைகளே, உங்களோடு மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

என் அப்பா உல்லாசக் கப்பலில் பரிமாறுகிற வேலை பார்த்தார். வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார், இரண்டு மாதம் நெல்லித்தோப்பு வீட்டில் இருப்பார். அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ராச்சாப்பாட்டுக்கு அப்பா வந்து உட்கார்ந்து, சிலுவை அடையாளம் போட்டு, ஜெபம் சொல்லி, முதல் கரண்டிச் சோற்றை அவர் கையால் ஒவ்வொருவர் தட்டிலும் போட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். அவர் பெரிய மார்க்கெட் பக்கம் போய்ப் பழைய கூட்டாளிகளோடு பேசிவிட்டு எவ்வளவு தாமதமாக வந்தாலும் சரி, சோறும் குழம்பும் ஆறிப்போனாலும் சரி, நானும் தங்கச்சி ரீட்டாவும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். கடலுக்குப் போய்விட்டால் மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. "ஊர்ல இருக்கற மனுசன விட்டுட்டு நாம மட்டும் கை நனைச்சா அது வீடா, சத்திரமா?" என்பது அம்மாவின் சொல்.

ஒரு கோடை விடுமுறையில், வேலை செய்கிறவர்கள் தங்கள் குடும்பத்தை அழைத்துவரலாம் என்று கப்பலில் அனுமதி கொடுத்தார்கள். அம்மா, நான், ரீட்டா மூன்று பேரும் ரயிலேறி மும்பை போய்ச் சேர்ந்து, அங்கே கப்பல் ஏறினோம். லட்சத்தீவுப் பக்கம் சுற்றிவிட்டுக் கொச்சியில் இறக்கிவிடும் கப்பல். அம்மா பெட்டியில் எங்கள் துணிகளுக்கு மேலே, அப்பா பூசைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றாள்.

சாப்பாடு என்றால் அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. காலையில் மேல்தளத்தில் நீளமாக மேசை போட்டு, "பஃபே" என்று சொல்லி, பழம் ஒரு பக்கம், ரொட்டி ஒரு பக்கம், முட்டையை நம் கண்ணெதிரே உடைத்து நமக்குப் பிடித்த மாதிரி சுட்டுக் கொடுக்கும் ஆள் ஒரு பக்கம் என்று, எவ்வளவு எடுத்தாலும் யாரும் ஏன் என்று கேட்காத இடம் அது. முதலில் எனக்குப் பயமாக இருந்தது; இரண்டு துண்டு தர்பூசணி எடுத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ரீட்டாவுக்கு அந்தப் பயம் இல்லை. நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்று இருந்தது. கைப்பிடியை இழுத்தால் சுருள் சுருளாக வந்து விழும். அவள் தொண்டை கட்டிப்போகும்வரை அதை விட்டு நகரவில்லை. மதியம் வெள்ளைக் குழம்பு ஊற்றிய தடித்த சேமியா மாதிரி ஒன்று, பாலாடைக்கட்டி நூல் நூலாக இழுபடும் பீட்சா, கேக்கிலேயே ஏழெட்டு வகை. எல்லாவற்றையும் அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் கண்ணுக்கு அழகாத்தான் இருக்குது, உப்பு காரம்தான் ஒண்ணுத்துக்கும் போடத் தெரியல" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் டப்பாவை மடியில் வைத்துத் திறந்தாள்.

இரவுதான் சிக்கல் வந்தது.

ராச்சாப்பாடு கீழ்தளத்தில் பெரிய கூடத்தில். வெள்ளைத் துணி விரித்த வட்ட மேசைகள், நாற்காலிக்கு முன்னால் மூன்று நான்கு கண்ணாடித் தம்ளர்கள், எந்த முள்கரண்டியை முதலில் எடுப்பது என்று தெரியாத வரிசை. எங்கள் மேசைக்கு நான்கு நாற்காலி. கூடத்தின் அந்தக் கோடியில் அப்பா முழங்கைவரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தார். கருப்புக் கோட்டு, கழுத்தில் டை. அவர் அப்படி வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் முன்னால் சூப் வந்தது. ரீட்டா கரண்டியை எடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"அப்பா வரட்டும்."

"அப்பா வேலையில இருக்காரும்மா," என்றேன் நான்.

"ஒரே கப்பல்லதான இருக்காரு? அப்ப ஊர்ல இருக்காருன்னுதான் அர்த்தம்."

அப்பா தூரத்திலிருந்து புருவத்தைத் தூக்கி, சாப்பிடுங்கள் என்று சைகை காட்டினார். அம்மாவோ அவர் வருகிறேன் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டாள். சூப் ஆறியது. எங்களுக்குப் பரிமாறிய நேபாளத்து அண்ணன், வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்து அதை எடுத்துப் போய்விட்டு மீன் கொண்டுவந்து வைத்தார். மீனும் ஆறியது. அதையும் எடுத்துப் போனார். கேக் வந்தது, போனது. உலகத்துச் சாப்பாடெல்லாம் மூக்குக்கு முன்னால் வந்து வந்து திரும்பிப் போக, நாங்கள் அறைக்குப் போய் ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கைத் தின்றுவிட்டுப் படுத்தோம். மறுநாள் இரவும் இதேதான் நடந்தது. அன்றைக்குச் சமையல் கட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். பிறகு மேற்பார்வையாளர், கோவாக்காரர், கொஞ்சம் தொந்தி உள்ளவர், எங்கள் மேசைக்கு வந்து குனிந்து, சாப்பாடு சரியில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த நாள் மதியம், வேலைக்கு நடுவில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அப்பா எங்கள் அறைக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, குதிகாலை அமுக்கிவிட்டுக்கொண்டார். "படுங்களேன்" என்றாள் அம்மா. "படுத்தா எழுந்திருக்க மாட்டேன்" என்றார்.

பிறகு அம்மாவிடம் சொன்னார்: "செசி, தட்டு நெறைய சாப்பாடு திரும்பிப் போனா, பரிமாறுனவன் மேலதான் குத்தம்னு நெனப்பாங்க. அந்த நேபாளத்துப் பையனுக்குத் திட்டு விழுந்திருக்கு. என்னோட ஒப்பந்தமும் இந்த மாசத்தோட முடியுது. மறுபடி கூப்பிடணும்ல."

"நீங்க வந்து உக்காருங்க, நாங்க சாப்புடறோம்."

"நான் உக்காந்தா யாரு பரிமாறுவா?"

"வருசம் பூரா ஊருக்கெல்லாம் பரிமாறுறீங்க. இந்தப் புள்ளைங்களோட ஒரு வேள உக்காரக் கூடாதா? இதுக்குத்தான ரயில் ஏறி வந்தேன். ஐஸ்கிரீம் திங்கவா வந்தேன்?"

அப்பா மற்றக் குதிகாலை அமுக்கத் தொடங்கினார். நான் இடையில் புகுந்து, "நீங்க எங்கப்பா சாப்புடுறீங்க?" என்று கேட்டேன்.

"அடியில எங்களுக்குன்னு மெஸ் இருக்குது. சோறு, கொழம்பு போடுவான். நின்னுக்கிட்டே சாப்ட்டுட்டு ஓடியாருவோம்."

"சோறா?" என்றாள் அம்மா. "சோறு வேற இருக்குதா இந்தக் கப்பல்ல? எங்கள அங்கியே கூட்டிட்டுப் போயிருக்கலாமே." அந்த அறையில் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே அப்பா பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தனக்காக யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர். இதையும் கேட்கமாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

அதனால் அன்று மாலை அவளே எங்களைக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு கோவாக்காரரிடம் போனாள். அவளுக்கு வந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். காலியாக இருந்த நான்காவது நாற்காலியைத் தொட்டுக் காட்டி, "மை ஹஸ்பண்ட். ஒன் டைம்" என்றாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டு, கைகூப்பி, எங்கள் இருவரின் தட்டையும் காட்டினாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையைச் சொறிந்துகொண்டு கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். நாளைக்குக் கடைசி இரவு, கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அனுப்புகிறேன், கோட்டு இல்லாமல் வரச் சொல், என்றார். அன்றிரவும் எங்களுக்கு முறுக்குதான்.

அந்த வெள்ளைச் சட்டை எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் இரவு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா வந்தார். தான் துடைத்து வைத்த நாற்காலியில் உட்காரத் தெரியாமல், நுனியில் உட்கார்ந்தார். மெதுவான குரலில் ஜெபம் சொன்னார். கரண்டியால் போடச் சோறு இல்லை. கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டு, ரீட்டாவுக்கு ஒரு துண்டு, எனக்கு ஒரு துண்டு, அம்மாவுக்கு ஒரு துண்டு வைத்தார். நாங்கள் மூன்று பேரும் மூன்று இரவுப் பசியோடு சாப்பிட்டோம். அவரும் மீனில் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்து, நிதானமாக மென்றார்.

"இந்த மீன எத்தினி வருசமா தூக்கிக்கிட்டு அலையறேன். இப்பதான் வாயில வெக்கிறேன்."

"எப்புடி இருக்குது?" என்றாள் அம்மா.

அப்பா அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "உப்பே இல்ல" என்றார். அம்மா மேசைக்கு அடியில் ஊறுகாய் டப்பாவை நீட்டினாள்.

ஆனால் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மாவின் தம்ளரில் தண்ணீர் தீர்ந்திருந்தது. அப்பா எங்களிடம் பேசிக்கொண்டிருந்தாலும் அவர் கண் அந்தத் தம்ளரைவிட்டு வரவில்லை. அவர் பாதி எழுந்தார். அம்மா மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். மறுபடி எழுந்தார். இந்த முறை அவர் பார்த்தது தம்ளரை இல்லை. தன் மேசைகளையும் அப்பாவின் மேசைகளையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டு, அந்த நேபாளத்து அண்ணன் முகமெல்லாம் வியர்வையாக ஓடிக்கொண்டிருந்தார்.

அம்மாவும் பார்த்தாள். பிடித்திருந்த கையை விட்டாள்.

"போங்க," என்றாள். "சாப்ட்டாச்சுல்ல."

அவர் போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, எங்கள் மேசைக்கே கேக் கொண்டுவந்து வைத்தார். விருந்தாளிகளுக்குச் சொல்வதுபோல அதன் பெயரைப் பிரெஞ்சில் சொன்னார். அம்மாவும் தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லில், "மெர்சி" என்று நன்றி சொன்னாள்.

அறைக்கு வந்ததும் அம்மா எங்களிடம் சொன்னாள்: "இனிமே அப்பாவுக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேணாம். பசிச்சா சாப்புடுங்க. அவரு அடுத்தவங்க சாப்புடறதப் பாத்தே களைச்சிப் போயிருக்காரு. அவரையும் வந்து உக்காருன்னு நாம பாடாப் படுத்தக் கூடாது."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் இல்லாமல் போனது. அப்பாவை மறுபடி கூப்பிட்டார்கள். முட்டி தேய்கிறவரை போனார். விடுமுறைக்கு வந்தால் அவருக்குப் பசிக்கும் நேரத்தில் அவர் சாப்பிடுவார், எங்களுக்குப் பசிக்கும் நேரத்தில் நாங்கள் சாப்பிடுவோம். யாருக்கும் யார்மேலும் வருத்தம் இல்லை. அப்படியே பழகிவிட்டது. அந்தக் கப்பலைப் பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள் என்று அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் சொன்னார். அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. கணக்குப் பார்த்தால், நாங்கள் நாலு பேரும் ஒன்றாக ஜெபம் சொல்லிச் சாப்பிட்ட ராச்சாப்பாடு அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். அப்போது அது தெரியாது.

இப்போது நம் வீட்டில் நான் ஷிப்டு முடித்து வரும்போது நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்திருப்பீர்கள்; உங்கள் அம்மா கடையை அடைத்துவிட்டு வந்து தனியாகச் சாப்பிடுவாள். அதில் தப்பில்லை. எனக்காக யாரும் பசியோடு காத்திருக்க வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நான் படுத்துவிடுகிறேன், நீங்களும் அப்பா பாவம், தூங்கட்டும் என்று சத்தம் போடாமல் சாப்பிட்டுவிடுகிறீர்கள். இனி அப்படிச் செய்யாதீர்கள். வந்து எழுப்புங்கள். நான் கத்துவேன், அலுப்பாக இருக்கிறது விடு என்பேன். மறுபடியும் எழுப்புங்கள். எழுந்து வந்து உட்காருகிறேன்.