கைக்கெட்டிய பூட்டு

சாவிக்காரருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பூட்டுக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து "திற" என்று சொல்லாமல் எந்தப் பூட்டிலும் கம்பியை நுழைக்க மாட்டார். சொந்த மச்சினன் வாசலில் நின்று கெஞ்சியபோதே, வீடு அவனுடைய மாமியார் பேரில் இருக்கிறது என்று சொல்லி, அந்த அம்மாள் வரும்வரை வெயிலில் காக்க வைத்தவர். இருபத்தாறு வருஷமாகத் தெருவே தன் வீட்டுச் சாவிகளை அவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தது.

அவர் வாடகைக்கு வைத்திருந்த சின்னக் கடையின் மேல்தான் இடத்துக்குச் சொந்தக்காரரான கட்டடக்காரருக்குக் கண். மருமகனுக்குச் செல்போன் கடை வைத்துக் கொடுக்க வேண்டுமாம். மருமகனுக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்றால் அதற்குச் சாவிக்காரர் என்ன செய்வார்? ஒருநாள் கட்டடக்காரர் கடைக்குள்ளேயே வந்து காலி பண்ணச் சொன்னார்.

"ஒப்பந்தம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே, சார்" என்றார் சாவிக்காரர், அவ்வளவுதான். கட்டடக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வெளியே பாய்ந்து, சாவிக்காரரை உள்ளே வைத்துக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, கையோடு கொண்டுவந்திருந்த பூட்டைப் போட்டார்.

"கள்ளச்சாவி போடுற திருட்டுப் பயலுக்கு ஒப்பந்தம் ஒரு கேடா!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டுப் போனார்.

பூட்டு கம்பிக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அதுவும் மட்டமான பூட்டு. எதிர் டீக்கடைக்காரர் ஓடிவந்தார்.

"திறந்துட்டு வாங்கண்ணே!"

"பூட்டு அவரோடது, தம்பி. இப்ப நான் திறந்தா அவர் சொன்னது நெசமாயிடாதா?"

யாரோ சொல்லி வந்த போலீஸ்காரர் கட்டடக்காரரைக் கூட்டிவந்து திறக்க வைக்க மூன்று மணி நேரமானது. மறுநாளிலிருந்து ஒருவரும் வீட்டுச் சாவி கொண்டுவரவில்லை. அதுதான் அவர் வயிற்றை எரித்தது. அடைத்ததைக்கூடப் பொறுத்திருப்பார், அந்த வார்த்தையைப் பொறுக்க முடியவில்லை. வழக்குப் போட்டார்.

"பூட்டைத் திறக்க முடியலன்னு மட்டும் சொல்லுங்க. அடைச்சு வச்சது ருசுவாயிடும்" என்றார் அவருடைய வக்கீல்.

"அந்தப் பூட்டையா? என் தொழிலுக்கே கேவலம், சார்!"

சாட்சிக்கு வந்த டீக்கடைக்காரர், "ஏதோ சத்தம் கேட்டுச்சுங்க. அப்பப் பார்த்து பால் பொங்கிடுச்சு" என்று சொல்லி இறங்கினார். அவர் கடையும் அதே கட்டடக்காரருடையதுதான். பால் பொங்காமல் என்ன செய்யும்!

எதிர்க்கட்சி வக்கீல் சாவிக்காரரிடம் பூட்டைக் காட்டினார். "இதை உங்களால திறக்க முடியுமா?"

சாவிக்காரரின் வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார். மனிதருக்கு வாயடங்கவில்லை. "ரெண்டு நிமிஷம் போதுங்க. நல்ல பூட்டா இருந்தா மூணு."

வழக்கே ஜெயித்துவிட்ட குஷியில் கட்டடக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தன் முறை வந்ததும் கூண்டேறிப் புகழ்ந்து தள்ளினார். "இவர் திறக்காத பூட்டே இல்லீங்க! என் பீரோவையே மூணு தடவை திறந்திருக்கார். ஒரு குண்டூசி குறைஞ்சதில்ல!"

"அப்ப ஏன் திருட்டுப் பயன்னு கத்தினீங்க?" என்றார் நீதிபதி.

"அது கோபத்துல வந்துடுச்சுங்க" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

திட்டியது ருசுவாகி அபராதம் விழுந்தது. அடைத்தது ருசுவாகவில்லை. எந்தப் பூட்டையும் இரண்டு மூன்று நிமிஷத்தில் திறக்கக்கூடியவரை யாரும் அடைத்துவைத்ததாகச் சொல்ல முடியாது என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. சாவிக்காரருக்கு அதுபற்றிக் கவலையில்லை. மானம் திரும்பிவிட்டது என்று மனம் குளிர்ந்தார். தீர்ப்பு நகலுக்குக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார்.

முதலில் வந்தவர் பக்கத்துச் சந்து வாத்தியார். மாற்றுச் சாவி செய்யக் கொண்டுவந்த வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தீர்ப்பை வரி விடாமல் படித்தார். சாவிக்காரர் பெருமையோடு நின்றார்.

"எந்தப் பூட்டா இருந்தாலும் ரெண்டு மூணு நிமிஷம்தானா?"

"கோர்ட்டே சொல்லிடுச்சே, சார்!"

வாத்தியார் தலையாட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்புறமா வர்றேன்" என்று இறங்கிப் போனார்.