ஆறாம் ஞாயிறு

எங்கள் பங்குக் கோயிலின் ஞாயிறு மடலில் கடைசிப் பக்கம் என்னுடையது. அந்த வார நற்செய்தி வாசகத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுத வேண்டும். 2004ல், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் தொடங்கினேன். 2011 வரை ஒரு வாரமும் தவறியதில்லை.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். அதனால் முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருப்பேன். பொதுக்காலம் ஆறாம் ஞாயிறு என்ற இடத்துக்கு வந்தால் மட்டும் கண்ணைத் திருப்பிக்கொள்வேன். மத்தேயு ஐந்தாம் அதிகாரம். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, சகோதரனுக்குத் தன் மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாக வேண்டும் என்கிற பகுதி. 2005லும் 2008லும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் சீக்கிரம் வந்து பொதுக்கால ஞாயிறுகளை நிறுத்திவிட்டதால் ஆறாம் ஞாயிறே இல்லாமல் போனது. இரண்டு முறையும் நிம்மதியாக மூச்சு விட்டேன். 2011ல் தவக்காலம் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. மாட்டிக்கொண்டேன்.

மனத்தாங்கல் என் தம்பிக்கு என்மேல். எனக்கு அவன்மேல் ஒன்றும் இல்லை. 2004 ஆகஸ்டில் அம்மா விடியற்காலையில் இறந்தார்கள். அடக்கம் மாலை நாலு மணிக்கு என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. தம்பி வேலையாக மதுரை போயிருந்தான். மூன்றரைக்குப் போன் செய்தான்.

"பண்ருட்டி தாண்டிட்டேன் அண்ணே. முக்கால் மணி நேரத்துல வந்துடுவேன். பெட்டிய மூடிடாத."

நாலு அடித்ததும் மூடச் சொன்னது நான்தான். சொன்ன நேரம் சொன்ன நேரமாக இருக்க வேண்டும் என்பது என் சுபாவம். அவன் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

அவன் வீடு சிதம்பரத்தில். எங்கள் மடல் அந்த ஊர்க் கோயிலுக்கும் போகிறது. நான் எதை எழுதினாலும் அவன் கைக்குப் போய்விடும்.

அந்த ஆறாம் ஞாயிறுக்கு முந்தின திங்கள்கிழமை பங்குச் சாமியாரிடம் போனேன்.

"சாமி, இந்த வாரம் வேற யாராவது எழுதட்டுமே."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப எழுதுங்க. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவணும்."

மூன்று நாள் எழுதினேன், கிழித்தேன். பலிபீடம், அந்தக் கால யூதர் வழக்கம் என்றெல்லாம் சுற்றி வளைத்தேன். எந்தப் பக்கம் போனாலும் நாலு மணியில் வந்து நின்றது. வியாழன் காலை சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

தம்பி மனைவி கதவைத் திறந்தாள். "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தாள். அவன் வந்து எதிரே உட்கார்ந்தான். தலை நரைத்திருந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

"மடல் என்னிக்கு அச்சுக்குப் போவுது?" என்று கேட்டான்.

"நாளைக்கு."

"அதான் வந்தியா? ஞாயித்துக்கிழமை என்ன வாசகம்னு எனக்கும் தெரியும்ணே."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்த வாசகம் வராதிருந்தால் அன்றைக்கு நான் பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

"அந்த வாசகம் வராத வாரமா பாத்து வா. அப்ப பேசலாம்" என்றான். காபி மட்டும் வந்தது. குடித்தேன்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ஞாயிறு மடலில் என் பக்கத்தில் திருப்பலி நேரங்களைப் போட்டிருந்தார்கள். வாசகம் வாசித்து, மறையுரை முடிந்து, காணிக்கைக்கு எல்லோரும் வரிசையாக எழுந்தார்கள். பக்கத்தில் என் மனைவி எழுந்து ஒரு நிமிடம் நின்றாள்.

"வரீங்களா?"

தலையசைத்து மறுத்தேன். அவள் என் முழங்காலைத் தாண்டிப் போனாள். பலிபீடத்துக்குப் போக என்னால் முடியவில்லை. எழுந்து வெளியே போகலாம் என்றால் நடுவழி முழுக்க ஆட்கள். பெஞ்சில் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தேன். போகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.