பேரீச்சங்கொட்டைக் கணக்கு

நேற்று மாலை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைப் பதினொன்றில் வைத்திருந்தேன். பன்னிரண்டுக்குப் போனால் பக்கத்து ஃபிளாட்காரர் சுவரைத் தட்டுவார். பத்துக்கு இறங்கினால் எனக்குக் கேட்காது. கொழும்பில், வெள்ளவத்தை வாழ்க்கை இப்படித்தான் ஒரு எண் இடைவெளியில் நடக்கிறது. இடைவேளையில் திரையில் ஒரு விவரம் வந்தது. நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் எத்தனை பாஸ் கொடுத்தார், அவற்றில் எத்தனை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன என்று. தைலக் குப்பியை மூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் இப்போது எண்ணுகிறார்கள். எண்பதுகளில், துபாயின் ஒரு சின்னக் கிளப் மைதானத்தில், இதை எண்ணிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

அதே தைல வாசனைதான் அந்தக் கிளப்பின் உடை மாற்றும் அறையிலும் இருக்கும். அதோடு ஈரப்புல், வியர்வை, பக்கத்தில் மஜ்லிஸ் என்ற வரவேற்புக் கூடத்திலிருந்து வரும் சாம்பிராணி போன்ற ஒரு புகை. நான் அங்கே ஸ்டோர் கிளார்க். வெளியே போன காலுறையும் திரும்பி வந்த காலுறையும் ஒத்துப்போக வேண்டும் என்பது என் பொறுப்பு. ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அந்தக் கவலையில் எனக்கு வயிற்றுப்புண் வந்தது. நிசமாகத்தான் சொல்கிறேன்.

மைதானத்துப் புல்லுக்குத் தண்ணீர் விடுபவர் முத்தையா, பரமக்குடிப் பக்கத்துக்காரர். மழை பொய்த்து விவசாயத்தை விட்டு வந்த மனிதர், எந்த மாடும் மேயாத புல்லுக்கு அந்த வெயிலில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "இந்தத் தண்ணிய ஊருப்பக்கம் திருப்பிவிட்டா ரெண்டு போகம் எடுத்துரலாம் சார்" என்பார். நான் பேசும் யாழ்ப்பாணத் தமிழை ஒருமுறை சொல்லிக் காட்டாமல் அவருக்குப் பொழுது போகாது.

இம்மானுவேல் கானா நாட்டவர். கிளப் பணம் கொடுத்து வரவழைத்த ஆட்டக்காரர். எங்கள் ஊரிலும் இம்மானுவேல்கள் இருந்ததால் பெயரைக் கேட்டதுமே எனக்குப் பாதி உறவு மாதிரி ஆகிவிட்டது. மீதிப் பாதி தொலைபேசி நிலையத்தில் வந்தது. ஊரில் வீடுகள் எரிந்துகொண்டிருந்த காலம். லைன் கிடைக்குமா என்று நான் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். அவரும் அக்ராவுக்கு அழைப்பு பதிந்துவிட்டுப் பக்கத்தில் இருப்பார். என் முறை வந்து லைன் கிடைக்காமல் திரும்பினால் தள்ளி உட்கார்ந்து இடம் மட்டும் விடுவார்.

வெள்ளிக்கிழமைகளில் கராமாவில் எங்கள் அறைக்குச் சாப்பிட வருவார். முத்தையா உட்பட ஐந்து பேர் இருந்த அறையில் ஆறாவது தட்டு அவருடையது. முதல் நாள் மீன்குழம்பைப் பயந்து பயந்து வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, காரம் கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்றார். அன்றிலிருந்து முத்தையாவுக்கு அவர் இமானு பாய் ஆகிவிட்டார்.

அவர் விளையாடியது நடுக்களத்தில். கோல் போட மாட்டார். பந்து வரும், அது வருவதற்கு முன்பே யாருக்குக் கொடுப்பது என்று பார்த்து வைத்திருப்பார், கொடுத்துவிடுவார். கூட்டம் அதற்குள் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு எண்ணாமல் இருக்க முடியாது. மஜ்லிஸில் காவா என்கிற அரபுக் கோப்பியோடு கொடுக்கும் பேரீச்சம்பழத்தின் கொட்டைகளைக் கழுவி வலது பாக்கெட்டில் வைத்திருப்பேன். அவருடைய ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு கொட்டை இடது பாக்கெட்டுக்குப் போகும். தவறியதை மனதில் தனியாகக் குறித்துக்கொள்வேன். நடுவில் முத்தையா ஏதாவது கேட்டால், "பொறும் காணும், எண்ணிக்கொண்டு இருக்கிறன்" என்று எரிந்து விழுவேன். ஆட்டம் முடிந்ததும் இம்மானுவேல் வந்து எத்தனை என்று கேட்பார். சொல்வேன். தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போவார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. நாட்டுக்காக ஆட வேண்டும். இரண்டு முறை பயிற்சி முகாம்வரை கூப்பிட்டு, கடைசியில் பெயரை எடுத்துவிட்டார்கள். வயது முப்பத்திரண்டு. அந்த வருடம் கானா தேசிய அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்திருந்தார். அடுத்த பருவத்திலும் ஏதாவது கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தால் அவரைப் பார்க்கிறேன் என்று சொன்னதாக இம்மானுவேலின் தம்பி தொலைபேசியில் சொல்லியிருந்தார். கிளப் இல்லை என்றால் அதோடு கலாஸ்.

எங்கள் கிளப் தலைவர் முதியவர். ஆட்டங்களை முன்வரிசையில் போட்ட பெரிய சோபாவில் இருந்து பார்ப்பார். கோல் போட்டவனை மஜ்லிஸுக்குக் கூப்பிட்டு ஒரு கைக்கடிகாரம் கொடுப்பது அவர் வழக்கம். பாஸ் கொடுத்தவனுக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன், எகிப்தியரான மேலாளர் இம்மானுவேலைத் தனியே அழைத்துப் பேசினார். இரண்டு வருடமாக இந்த மனிதர் என்ன செய்கிறார், கோல் எங்கே என்று தலைவர் கேட்டாராம். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது சந்தேகம்தான் என்றாராம்.

முத்தையாவிடம் சொன்னேன். அவர் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "நெல்லு வந்தா கண்ணுக்குத் தெரியும் சார். தண்ணி எங்க தெரியுது" என்றார்.

அந்தக் கடைசி ஆட்டத்தின் இரண்டாம் பாதி. பெனால்டி எல்லைக்கு வெளியே இம்மானுவேலிடம் பந்து வந்தது. இடது பக்கத்தில் எங்கள் உள்ளூர்ப் பையன் யாருடைய காவலும் இல்லாமல் நின்றான். இம்மானுவேல் அவனைப் பார்த்ததை நான் பார்த்தேன். வலது பாக்கெட்டிலிருந்து கொட்டையை எடுத்துவிட்டேன். அவர் கொடுக்கவில்லை. தானே அடித்தார். கோல்.

நான் எழுந்து குதித்ததில் இரண்டு பாக்கெட்டுக் கொட்டைகளும் படிக்கட்டில் சிதறின. முத்தையா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எல்லோரும் ஓடிவந்து இம்மானுவேல்மேல் விழுந்தார்கள். அவர் விலகி நடந்துபோய் அந்த இடது பக்கப் பையனின் தோளில் கை வைத்தார். மன்னிப்புக் கேட்பது போல இருந்தது.

கடிகாரம் கிடைத்தது. ஒப்பந்தமும் கிடைத்தது. நாங்கள் மூவரும் கராமாவில் ஒரு ஓட்டலில் போய்ப் பரோட்டா சாப்பிட்டோம்.

அடுத்த பருவம் தொடங்கியதும் மேலாளர் அவரை நடுக்களத்திலிருந்து எடுத்து முன்னால் நிறுத்தினார். கோல் போடத் தெரிந்த மனிதரை எதற்குப் பின்னால் வைத்திருப்பது என்று தலைவர் சொல்லிவிட்டாராம். இம்மானுவேல் போய் நின்றார். கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்துக்காகக் காத்திருந்தார். பந்து தலைக்கு மேலே போனது, பக்கத்தில் போனது, பாதி வழியில் எதிரியிடம் போனது. பாக்கெட் மாறிய கொட்டைகள் முதல் ஆட்டத்தில் ஒன்பது. மூன்றாவதில் நான்கு.

"அவருக்குப் பந்து குடுக்க இன்னொரு இமானு பாய் வேணும் சார்" என்றார் முத்தையா. "அதுக்கு எங்க போறது?"

ஆட்டம் முடிந்து எத்தனை என்று கேட்பதை இம்மானுவேல் நிறுத்திவிட்டார். நானும் கொட்டைகளை அறையிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை தட்டு மட்டும் தொடர்ந்தது. சாப்பிட்டுக்கொண்டே ஒருநாள், தன்னை நடுவில் போடச் சொல்லி மேலாளரிடம் கேட்டதாகச் சொன்னார்.  நான் சோற்றை இன்னொரு கரண்டி வைத்தேன். கானாவில் அந்தப் பயிற்சியாளர் விசாரித்திருக்கிறார். முன்கள ஆட்டக்காரர், கோல் இல்லை என்று பதில் போயிருக்கிறது. பட்டியலில் அந்த முறையும் பெயர் இல்லை. பருவம் பாதியில் இருக்கும்போதே கிளப் அவரை அனுப்பியது.

போகிற அன்று உடைகளைத் திருப்பித் தர ஸ்டோருக்கு வந்தார். என் வேலைக்காலத்தில் காலுறைகளை ஒன்றுகூடக் குறையாமல் திருப்பித் தந்த ஒரே ஆட்டக்காரர் அவர். கையில் கடிகாரம் இல்லை. அதைக் கட்டி நான் பார்த்ததே இல்லை. ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அந்தக் கோல் போட்ட ஆட்டத்தில் எத்தனை பாஸ் என்று கேட்டார். கொட்டைகள் சிதறிப்போனதைச் சொன்னேன்.

"அதற்கு முந்தின ஆட்டத்தில்?"

"அறுபத்தொன்று."

"தவறியது?"

"ஏழு."

அவர் கதவருகே நின்று யோசித்தார். பிறகு, "ஐந்து" என்றார். "இரண்டை நான் சரியாகத்தான் கொடுத்தேன். அவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவில்லை."

வாதாட எனக்கு நிறைய இருந்தது. வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கை குலுக்கினோம்.

அந்த மைதானம் இப்போது இல்லை என்கிறார்கள். அங்கே பெரிய கடைத்தொகுதி வந்து, புல் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றனவாம். முத்தையா ஊருக்குப் போன பிறகு ஒரு தகவலும் இல்லை. இம்மானுவேல் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. நேற்றைய ஆட்டத்தில் திரை சொன்ன எண்ணிக்கையை யாரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது, எல்லாம் இயந்திரம் பார்த்து எண்ணுகிறது.

நான் தைலக் குப்பியை மூடிவிட்டு அந்த முந்தின ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். எங்கே, யார் வராமல் நின்றார்கள் என்று. எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஐந்து என்றே வைத்துக்கொள்கிறேன்.