எட்டுத் துளை குறைந்த சக்கரம்

திருடனுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா? முழுச் சைக்கிளையும் கொண்டுபோயிருந்தால் தலைமுழுகிவிட்டு வேறு வழி பார்க்கலாம். பின் சக்கரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு, மிச்சத்தை ஆஸ்பத்திரிச் சுவரில் பதவிசாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான் மகராசன். முன் சக்கரத்தில் பூட்டு பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டுகிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா அந்தத் திருடனுக்கு மண்ணை வாரித் தூற்றினாள். தனக்காக இல்லை, அவளுக்குக் கால் இரண்டும் திடமாக இருந்தன; நடந்தே வந்துவிடுவாள். அந்தச் சைக்கிள் தங்கச்சிக்காக.

தங்கச்சிக்கு இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் சூம்பிப்போயிருந்தன. முப்பது வயது வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நாலு மாதம் முன்புதான் ஒரு தையல் கூடத்தில் பட்டன் தைக்கும் வேலை கிடைத்தது. பஸ்ஸில் படி ஏற முடியாது. ஆட்டோ வைத்தால் சம்பளம் மொத்தமும் ஆட்டோக்காரனுக்கே போகும். அதனால் அக்காதான் காலையில் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவாள். இந்த நாலு மாதத்தில் தங்கச்சிக்கு வாயும் நீண்டுவிட்டது. தையல் கூடத்து முதலாளியம்மா மாதிரியே பேசிக்காட்டி அக்காவைச் சிரிக்கவைப்பாள்.

அந்த முதலாளியம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் அந்த இடத்துல வேற ஆளைப் போட்டுடுவேன்."

புதுச் சக்கரத்தின் விலையைக் கேட்டதும் அக்காவுக்குத் தலை சுற்றியது. சைக்கிள் கடைக்காரர் இரக்கப்பட்டார். "நடுவுல கம்பி மாட்டுற ஹப், டயர், டியூப் எல்லாம் பழசு எங்கிட்ட கிடக்கு. வளையத்தை மட்டும் பழைய இரும்புக் கடையில தேடிக் கொண்டா. கம்பி கோத்துத் தர்றேன்."

தங்கச்சி தன் தையல் டேப்பை எடுத்துக் கொடுத்தாள். "அளந்து வாங்குக்கா, உன்னை நம்ப முடியாது."

ரோஷத்தோடு அக்கா சைக்கிளில் மிச்சமிருந்த முன் சக்கரத்து வளையத்தைச் சுற்றி அளந்துகொண்டு போனாள். இரும்புக் குவியலில் பாதி நாள் கிளறி, துருவைச் சுரண்டி, தரையில் உருட்டி, கோணல் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தாள். அளவு அச்சாகப் பொருந்தியது. "எடுத்தா எடுத்ததுதான், திரும்ப வாங்க மாட்டேன்" என்றான் இரும்புக் கடைக்காரன். அடித்துப் பேசி, பாதி விலைக்கு வாங்கி, வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபோது அவளுக்குத் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றே தோன்றியது. கையிலிருந்த காசு அதோடு தீர்ந்தது.

சைக்கிள் கடைக்காரர் வளையத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஒரு சுற்று முடிந்தது. மறுபடி ஒரு சுற்று ஓட்டினார்.

"இது முன் சக்கரத்து வளையம்மா. கம்பித் துளை முப்பத்திரண்டுதான் இருக்கு. பின்னாடி நாற்பது வேணும். பாரம் மொத்தமும் அங்கதானே."

"அளந்துதானே அண்ணே வாங்கினேன்!"

"அளவு ஒண்ணுதான். துளையை யாரு எண்ணிப் பார்க்கிறா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். படுபாவி, படுபாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அவர் பார்க்கச் சகிக்காமல், ஹப்பில் எட்டுத் துளையைக் காலியாக விட்டுக் கம்பி கோத்தார். சக்கரம் சுற்றியது. பிறகு ஸ்பேனரை எடுத்துக் கேரியரைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அதை எதுக்கு அண்ணே?"

"நீ தனியாப் போனா தாங்கும். பின்னாடி ஆள் ஏறினா நடுரோட்டுல சக்கரம் எட்டாய் மடங்கிடும். கேரியர் இருந்தா உனக்கு ஆளை ஏத்தத் தோணும்மா."

வீட்டில் அக்கா தங்கச்சியிடம் சக்கரம் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை தங்கச்சி தலைவாரி, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். தங்கச்சி புதுச் சக்கரத்தைப் பார்த்தாள். அதற்கு மேலே, கேரியர் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"சாப்பாட்டை நீயே கொண்டு போக்கா" என்று பையை நீட்டினாள். "எனக்கென்ன, இனி வீட்லயே சூடாச் சாப்பிட்டுக்கறேன்."