பொலித்தீனில் ஒரு வட்டம்

நோர்வூட்டில் என் மாணவர்களோடு சோடாப் போத்தல் ரொக்கெட் செய்தபோது, பாரசூட்டுக்கு ஒரு சிறுமி வட்டமான பொலித்தீன் துண்டு கொண்டுவந்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் அவள் அம்மா, மழைக்குத் தன் முதுகில் போர்த்தும் பொலித்தீனிலேயே வெட்டிக் கொடுத்தது.

அடுத்த மாதம் காய்ச்சலில் சிறுமி இறந்துபோனாள். காரியம் முடிந்து அம்மா வந்தார். மெலிந்த மனுஷி. எப்போதும்போல வகுப்புக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"அந்தத் துண்டு இருக்குங்களா சேர்?"

தன் பொலித்தீனில் வெட்டிய ஓட்டையை அடைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "புதுசு வாங்கித் தர்றேங்க."

"வேணாங்க. அதுல அவ கட்டுன நூலு இருக்கு."

கொடுத்தேன். நூல் சிக்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஓட்டையை அவர் அடைக்கவேயில்லை. மழை நாளில், மலையில் குனிந்து நிற்கும் அத்தனை பேரிலும், முதுகில் நனைந்திருக்கும் அந்த வட்டத்தை வைத்தே அவரை அடையாளம் காண்கிறேன்.