குமணன்சாவடியில் செய்த ஜப்பான் குடை

லோகநாயகிக்குக் குடையின் மேல் தனியாக ஆசை எதுவும் இருந்ததில்லை. 1983இல் பெண்களுக்கான அரசாங்கத் தொழிற்பயிற்சியில் சேரக் கிண்டிக்குப் போனபோது தையல் வகுப்பும் ஊறுகாய் வகுப்பும் நிரம்பிவிட்டிருந்தன. மிச்சம் இருந்தது குடை. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்க் கற்றுக்கொண்டாள். கற்று முடித்தபோது அந்த வேலை பிடித்துப்போயிருந்தது. முக்கோணத் துணிகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, கம்பியின் மேல் சுருக்கமில்லாமல் விறைத்து நிற்பதைப் பார்க்க அவளுக்குச் சலிக்கவேயில்லை.

அவள் கணவர் சண்முகசுந்தரம் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வெல்டர். இருவருக்கும் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். தொழில் தொடங்கப் போகிறேன் என்று சொன்னதும் அவர் தடுக்கவில்லை. "செய்யி. ஆனா இங்கன யாரு வாங்குவா, அதையும் யோசிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார்.

பூந்தமல்லியை ஒட்டிய குமணன்சாவடியில் கன்னியம்மாள் என்பவளின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடந்தது. நிலத்தை விற்றபின் மாடுகளையும் விற்றுவிட்ட குடும்பம். லோகநாயகி கொட்டகையை வாடகைக்கு எடுத்தாள். கன்னியம்மாளும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் வேலைக்கு வந்தார்கள். பூந்தமல்லியைப் பூவை என்றும் சொல்வார்கள் அல்லவா, அந்தப் பெயரையே குடைக்கு வைத்தாள். கைப்பிடிக்கு மேலே சிறிய துணிப்பட்டை ஒன்றில் 'பூவை குடை, குமணன்சாவடி' என்று தைத்தாள். கம்பி முனையில் மற்றக் குடைக்காரர்கள் ஒற்றைத் தையலோடு விட்டுவிடுவார்கள். இவள் இரட்டைத் தையல் போட வைத்தாள்.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் வீரராகவன் ஒரு ஃபேன்ஸி கடை வைத்திருந்தார். பை, கைக்கடிகாரம், குடை எல்லாம் அங்கே கிடைக்கும். முதல் மழைக்காலம் பாதி கழிந்ததும் லோகநாயகி போய் விசாரித்தாள். அவள் கொடுத்த குடைகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.

"குடை நல்லாத்தாம்மா கீது" என்றார் வீரராகவன். "தொறந்து பாக்குறாங்க, மூடிப் பாக்குறாங்க, புடிக்குது. எந்த ஊரு சரக்குன்னு கேக்குறாங்க. குமணன்சாவடின்னதும் கீழ வெச்சிடுறாங்க."

"ஏன், ஊருக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்லாம் இல்லம்மா. அங்கதான் தெனமும் பஸ் மார்றான். அங்க செஞ்ச குடைக்கு அவன் இன்னாத்துக்கு மரியாதை குடுக்கப் போறான்? ஃபாரின் இல்லியான்றான்."

அவள் நம்பவில்லை. கடைக்காரர் சரியாக எடுத்துக்காட்டவில்லை என்று நினைத்தாள். ஆனால் குவார்ட்டர்ஸிலேயே அது நடந்தது. பக்கத்து வீட்டு ஞானம்மாள் நாகர்கோவில்காரி. அவள் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தபோது மூன்றாக மடிக்கும் ஜப்பான் குடை ஒன்று கொண்டுவந்திருந்தான். வீட்டு வரிசையில் இருந்த எல்லாரும் அதை வாங்கி விரித்துப் பார்த்தார்கள். அந்த நவம்பர் புயலில் பஸ் ஸ்டாப்பில் அது கிண்ணம் மாதிரி மேலே திரும்பிக் கம்பி ஒடிந்துபோனது.

"காத்து அப்பிடி அடிச்சிட்டு. அந்தக் காத்துக்குக் குடை என்ன செய்யும்?" என்றாள் ஞானம்மாள்.

அதே வாரம் இன்னொரு வீட்டில் ஒரு பூவை குடையின் கம்பி லேசாக வளைந்தது. லோகநாயகி தானே நேராக்கிக் கொடுத்தாள். ஞானம்மாள் ஆறுதலாகத்தான் சொன்னாள்: "விடுங்க அக்கா. நம்ம ஊரு சாமான் அவ்வளவுதான் வரும்."

அன்று லோகநாயகி சாப்பிடவில்லை. அவர்கள் குடை ஒடிந்தால் காற்றின் மேல் குற்றம், என் குடை வளைந்தால் ஊரின் மேல் குற்றம், இது என்ன நியாயம் என்று கணவரிடம் பொரிந்து தள்ளினாள்.

இரண்டாம் வருடமும் அப்படியே போனது. வேலைக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் குறையத் தொடங்கினார்கள். அப்போதுதான் வீரராகவன் ஒரு யோசனை சொன்னார். குடையில் எதையும் மாற்ற வேண்டாம். பட்டையை மட்டும் மாற்றினால் போதும். 'யோமிக்கா' என்று ஒரு பெயரை அவரே கட்டிவைத்திருந்தார். கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் 'ஜப்பான் டெக்னிக்' என்று போட வேண்டும்.

"அப்பிடின்னா என்ன அர்த்தம்?"

"அர்த்தம்லாம் இன்னாத்துக்கும்மா. யார் கேக்கப் போறாங்க?"

அவள் மாட்டேன் என்று வந்துவிட்டாள். கன்னியம்மாள்தான் விடவில்லை. "யக்கா, குடை அதே குடைதானே. பட்டையில இன்னா எழுதியிருந்தா மழை உள்ள வரவா போவுது? எங்களுக்கு வேலை வோணும்." ஒரு வாரம் கழித்து லோகநாயகி பட்டையை மாற்றினாள்.

யோமிக்கா விற்றது. பூந்தமல்லியில் விற்றது, மாங்காட்டில் விற்றது, அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் விற்றது. போன பெண்கள் திரும்பி வந்தார்கள், புதிதாக ராணியும் ஜமீலாவும் சேர்ந்தார்கள். ஆவடி குவார்ட்டர்ஸிலும் யோமிக்கா வந்தது. ஞானம்மாள் ஒன்று வாங்கிவந்து லோகநாயகியிடமே காட்டினாள். "பாருங்க அக்கா, தையல் என்ன நெருக்கம். அவனுவ கை சுத்தமே தனி." லோகநாயகி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். உண்மையைச் சொன்னால் செய்தி பஸ் ஸ்டாப் வரை போய்விடும், கொட்டகை காலியாகிவிடும். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குள் வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

1991இல் கிள்ளானிலிருந்து கங்காதரன் என்பவர் மாங்காடு அம்மன் கோயிலுக்கு வந்தார். மலேசியாவில் பெரிய கடை வைத்திருப்பவர். மழையில் மாட்டிக்கொண்டு வீரராகவன் கடையில் குடை வாங்கியிருக்கிறார். இவர் ஜப்பான் சரக்கைத் தினமும் பார்க்கிறவர் என்பதால் யோமிக்கா பெயரைக் கண்டு சிரித்துவிட்டார். ஏற்றுமதி கிடைக்கலாம் என்ற ஆசையில் வீரராகவன் அவரைக் கொட்டகைக்கே கூட்டிவந்தார்.

கங்காதரன் தையலை இழுத்துப் பார்த்தார். கம்பியை அழுத்திப் பார்த்தார். "நல்ல வேலைம்மா" என்றார். பல வருடங்களில் முதல் தடவையாக, ஊர் தெரிந்தும் ஒருவர் நல்ல வேலை என்று சொன்னார். லோகநாயகி பெட்டியின் அடியிலிருந்து பழைய பூவை பட்டையை எடுத்துக் காட்டினாள்.

"இந்தப் பேர்லயே அனுப்பட்டுமாங்க?"

அவர் தயங்கினார். "மழைக்குடை எங்க ஊர்ல ஜப்பான்ல இருந்து வருது, தைவான்ல இருந்து வருது. இந்தியாக் குடைன்னா யாரும் தொட மாட்டாங்கம்மா. அங்க இந்தியான்னா சேலை, ஊதுவத்தி, குத்துவிளக்கு. அதை வெள்ளைக்காரன்கூடத் தேடி வந்து வாங்குவான். நீங்க சாமிக்குப் பிடிக்கிற குடை மாதிரி செஞ்சு குடுங்க. சிவப்புத் துணி, சரிகை ஓரம், குஞ்சம். ஓட்டல் வாசல்ல நட்டு வைப்பாங்க."

"அந்தத் துணி மழை தாங்காதுங்களே."

"மழையில யாரும்மா பிடிக்கப் போறா?"

அவள் அதையும் செய்தாள். குஞ்சம் கட்டக் கட்ட எரிச்சல் ஏறியது. ஒரு நாள் சண்முகசுந்தரத்திடம் சொன்னாள்: "இங்க விக்கணும்னா நான் ஜப்பான்காரியா இருக்கணும். அங்க விக்கணும்னா கோயில்காரியா இருக்கணும். நான் யாருன்னு சொன்னா ரெண்டு எடத்துலயும் விக்காது." சில வருடங்களில் அந்த ஆர்டரும் நின்றது. இப்போது பாலித் தீவுக் குடைதான் கேட்கிறார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கங்காதரன் போனில் சொன்னார்.

அதற்குள் இங்கேயும் நிலைமை மாறிவிட்டது. கப்பலில் வந்த வெளிநாட்டுக் குடைகள் ஆவடி பிளாட்பாரத்திலேயே சல்லிசாகக் குவிந்தன. அசலே கிடைக்கும்போது யோமிக்கா எதற்கு? வீரராகவன் சரக்கு எடுப்பதை நிறுத்தினார். லோகநாயகிக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. பூவை பட்டையை மறுபடி தைத்தாள். எந்தக் கடையும் எடுக்கவில்லை என்றதும், 96ஆம் வருட மழையில் தானே ஆவடி மார்க்கெட் முனையில் ஒரு தார்ப்பாயின் கீழ் குடைகளை விரித்து நின்றாள். கன்னியம்மாளும் கூட வந்தாள்.

பார்வதம் என்று ஒரு அம்மா வந்தார். பருத்திப்பட்டில் வீடு. கையில் வெளுத்துப்போன ஒரு யோமிக்கா. "இது கணக்கா ஒண்ணு வோணும்மா. கல்லு மாதிரி உழைச்சிது. இப்போ எங்கியுமே கெடைக்கல."

லோகநாயகி பூவை குடை ஒன்றை விரித்து நீட்டினாள். "இதுதாம்மா அது. ரெண்டும் ஒரே கைதான். பாருங்க, அதே இரட்டைத் தையல்."

பார்வதம் பட்டையைப் படித்தார். "இது குமணன்சாவடின்னு போட்டுகீது."

"அதுவும் குமணன்சாவடிதாம்மா. நான்தான் செஞ்சேன். அப்ப பேரை மாத்திப் போட்டோம்."

"இன்னாம்மா நீ, அது ஜப்பான் குடை. நான் பாத்துதானே வாங்கினேன்?"

"சத்தியமா அதுல ஜப்பான் ஒண்ணுமே இல்லம்மா. இந்தா, இவங்க வீட்டுக் கொட்டகையிலதான் தைச்சோம். கேட்டுப் பாருங்க."

கன்னியம்மாள் ஆமாம் என்றாள். பார்வதம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. ஏமாற்ற வந்தவர்களிடம் பேசி என்ன பயன் என்கிற அலுப்புதான் தெரிந்தது. "நல்ல சாமான் பேரைச் சொல்லி உங்க சரக்கை வித்துக்கினு கீறீங்க. பாவம்மா இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போனார். அங்கே ஒரு மெல்லிய பூப்போட்ட குடையை வாங்கி, தூறலில் விரித்துக்கொண்டு நடந்தார்.

லோகநாயகி கூப்பிட வாயைத் திறந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அந்தப் பொய்யை ஊட்டியது அவளே. இத்தனை வருடம் அது நன்றாக வேலை செய்திருக்கிறது. குடைகளைச் சுருட்டி மூட்டை கட்டினாள். "அந்தம்மா கெடக்குது, உடுக்கா" என்றாள் கன்னியம்மாள். "அந்தம்மா மேல தப்பு இல்லடி. எனக்கு அதுதான் தாங்கல" என்றாள் லோகநாயகி.

அதற்குப் பிறகு குடை செய்யவில்லை. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு மழைக்கோட்டு தைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. வெட்டிய துணியும் இத்தாலிக்காரப் பெயர் போட்ட பட்டையும் அவர்களே மூட்டையாக அனுப்பிவிடுவார்கள். கொட்டகை வாசலில் போர்டு எதுவும் வைக்க வேண்டாம் என்று கம்பெனி ஆள் முதல் நாளே சொல்லிவிட்டான். பெண்களுக்கு மாதம் முழுக்க வேலை இருந்தது. ராணி தன் தங்கையையும் சேர்த்துவிட்டாள். எல்லாரும் லோகநாயகியைக் கெட்டிக்காரி என்றார்கள்.

போன மாதம் சண்முகசுந்தரம், நமக்கும் ஒரு கோட்டு எடுத்து வாயேன், சைக்கிளில் போக வசதியாக இருக்கும் என்றார். அவள் எடுத்து வந்தாள். கழுத்திலிருந்த இத்தாலிப் பெயர்ப் பட்டையைப் பிரிப்பதா வேண்டாமா என்று கத்தரிக்கோலோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எதற்கு அதைப் பிரிக்கிறாய், இருக்கட்டுமே, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்றார் அவர். அவள் கோட்டை அவர் மடியில் போட்டுவிட்டு, உலை வைக்க எழுந்து போனாள்.