சவுரிக்கு வைத்த எண்ணெய்

அன்று பார்லரில் ஐந்து பேர் இருந்தோம். என் அக்கா, கல்யாணப் பெண், அவளுடைய சின்னம்மா, சென்னையிலிருந்து மாதம் ஒரு முறை வரும் முடி கம்பெனி ஏஜெண்ட், நான். வராதவர்கள் இரண்டு பேர். பெண்ணின் அம்மாவுக்கு இதய ஆபரேஷன் ஆகியிருந்தது. எங்கள் பார்லர் ஆந்திராவில், புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கிறது, அவர் படி ஏறக்கூடாது. மாப்பிள்ளையின் அம்மாவும் வரவில்லை. அவர் வர வேண்டிய தேவையே இல்லை. அவர் சொல்லியனுப்பிய பேச்சுக்காகத்தான் நாங்கள் ஐந்து பேரும் அங்கே கூடியிருந்தோம்.

"பொண்ணுக்குச் சடை இருக்கணும். மொட்டையடிச்ச பொண்ணைக் கட்டிக்கினு வந்தாங்கன்னு மண்டபத்துல யாரும் பேசக்கூடாது."

அந்தப் பெண் மொட்டையடித்தது அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு. வேண்டிக்கொண்டபடி திருப்பதி மலைக்குப் போய் இடுப்பு வரை இருந்த முடியைக் கொடுத்துவிட்டு வந்தாள். பத்து மாதம் கழித்துக் கல்யாணம் நிச்சயமானது. அப்போது முடி நான்கு விரல்கடை வளர்ந்திருந்தது. சவுரி வைத்துப் பின்ன வேண்டுமானால் பிடித்துக் கட்ட ஒரு பிடி முடியாவது வேண்டும், அவளுக்கு அது இல்லை. அதனால்தான் எக்ஸ்டென்ஷன். பசை தடவிய சின்னச் சின்ன பட்டைகளாக வரும் நீளமுடியை, சொந்த முடியின் அடியில் ஒட்டுவது. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனியில் இரண்டு வருடம் ஓவர்டைம் பார்த்த காசில் பதினெட்டாயிரம் எடுத்துக் கொடுத்தாள். அம்மா பிழைத்ததற்காகக் கொடுத்த முடிக்கு அபராதம் கட்டுவதுபோல இருந்தது எனக்கு. அப்போதே கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

அக்கா மூன்று மணி நேரம் நின்று ஒட்டி முடித்தாள். கண்ணாடியைப் பார்த்த பெண் தோளில் விழுந்த முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏஜெண்ட் ஒரு ரோஸ் நிறப் பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"மேடம், இது ஆஃப்டர்கேர் கிட். ஷாம்பூ, கண்டிஷனர், பிரஷ், தலையணை உறை. மூவாயிரத்து இருநூறு. இது இல்லாம கம்பெனி வாரண்டி கிடையாது."

பெண்ணின் கை முடியிலிருந்து இறங்கிவிட்டது. சின்னம்மா கேட்டார், "ஷாம்பூ மூவாயிரமா? இன்னா, அதுல தங்கம் கரைச்சிக்கீறாங்களா?"

"பதினெட்டாயிரத்துக்கு முடி வெச்சிட்டு மூவாயிரத்துக்கு யோசிக்கிறீங்களேம்மா."

அக்கா பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "டேய், இதுல இன்னா எழுதிக்கீதுன்னு பாரு." பிறகு ஏஜெண்டைப் பார்த்து, "எங்க வூட்ல எழுத்து கூட்டிப் படிச்சவன் இவன் ஒருத்தன்தான்" என்றாள். அக்கா இப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். அவள் ஐந்தாவதோடு நின்று திருப்பதியில் ஒரு பார்லரில் தரை பெருக்கிச் சம்பாதித்த பணத்தில்தான் நான் சித்தூரில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தேன். அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. பார்லருக்குச் சாமான் வாங்குவது, ஆன்லைன் புக்கிங் பார்ப்பது, இதுதான் என் வேலை.

ஷாம்பூ பாட்டிலைத் திருப்பிப் படித்தேன். சல்ஃபேட் இல்லை, சரி. ஆனால் முதல் ஏழு பொருளும் எங்கள் கடை அலமாரியில் இருக்கும் ஒரு சாதாரண ஷாம்பூவில் இருக்கும் அதே பொருள், அதே வரிசை. தலையணை உறை வெறும் பாலியஸ்டர் சாட்டின்.

"இதெல்லாம் திருப்பதில அறுநூறுக்குள்ள வாங்கலாம். நானே வாங்கித் தரேன்" என்றேன்.

"வாங்குங்க ப்ரோ. முடி கொட்டினா என்னைக் கூப்பிடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை எடுத்துப் பையில் வைத்தார்.

மறுநாள் திருப்பதிக்குப் போனேன். மொத்தக் கடையில் இரண்டு மணி நேரம் நின்று ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிப் படித்தேன். எனக்கு வேண்டியது சல்ஃபேட் இல்லாத, எண்ணெய் சேராத ஷாம்பூ. சல்ஃபேட் முடியை வறட்டிவிடும், எண்ணெய் பசையைக் கரைத்துவிடும். முன்னால் "ஆர்கன் ஆயில்", "கோகனட்" என்று படம் போட்டிருந்ததையெல்லாம் ஒதுக்கினேன். கடைக்காரர், "ஏம் பாபு, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றார். ஷாம்பூ இருநூற்று முப்பது. நுனிக்கு மட்டும் தடவக் கண்டிஷனர் நூற்றுத் தொண்ணூறு. பட்டையில் மாட்டாத அகலப்பல் மரச்சீப்பு எண்பத்தைந்து. தலையணை உறைக்கு வழுவழுப்பான சாட்டின் துணி வாங்கி எங்கள் தெரு டெய்லரிடம் தைத்து வாங்கினேன், கூலியோடு அறுபது. ஆக மொத்தம் ஐந்நூற்று அறுபத்தைந்து. அந்த ஏஜெண்டை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பெண்ணை விட அந்த ஜெயிப்புதான் என் மண்டையில் இருந்தது.

பாலசமுத்திரத்தில் பெண்ணின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்படிக் கழுவ வேண்டும், எப்படிச் சீவ வேண்டும், ஈரத்தோடு ஏன் படுக்கக்கூடாது என்று தெலுங்கில் ஒரு தாள் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் படித்தது தெலுங்குதான். தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது என்பதை அடிக்கோடு போட்டு எழுதினேன். பெண் படித்துத் தலையாட்டினாள். படிக்கத் தெரியாத சின்னம்மாவுக்குத்தான் பயம்.

"பசை போட்டு ஒட்டிக்கீறாங்களே நைனா, மண்டை சூடு ஏறி பொண்ணுக்கு இன்னாவாச்சும் ஆயிடப் போவுது."

"ஒண்ணும் ஆவாது சின்னம்மா. நம்ம சவுரி மாதிரிதான். பயப்படாதீங்க."

அவர் முகம் தெளிந்தது. "அப்பிடிச் சொல்லு. சவுரின்னா எனக்குத் தெரியாதா" என்று காபி போடப் போனார். பசை என்றால் என்ன, அது எதில் கரையும் என்று பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு வார்த்தையில் பயத்தைத் தீர்த்துவிட்டேன் என்ற திருப்தியோடு கிளம்பினேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், காலையில் நாங்கள் பார்லர் திறக்கும்போதே இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். பெண் முந்தானையால் தலையை மூடியிருந்தாள். அக்கா விலக்கிப் பார்த்தாள். பட்டைகள் வழுக்கி இறங்கி, பசையும் எண்ணெயும் சொந்த முடியும் சேர்ந்து உருண்டை உருண்டையாக நின்றன. தேங்காய் எண்ணெய் வாசம் படிக்கட்டு முழுக்க அடித்தது. இடது காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியே இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "எண்ணெய் வைக்கக்கூடாதுன்னு எழுதிக் குடுத்தேனே, படிச்சீங்களா இல்லியா?"

"தலைக்குத்தான வேணாம்னு இவ படிச்சிச் சொன்னா. தலைல ஒரு சொட்டு படல நைனா" என்றார் சின்னம்மா. "சவுரிக்குத்தான் வெச்சேன். நாரு மாதிரி காஞ்சி கெடந்தது. மண்டபத்துல பளபளன்னு இருக்கணும்னு ராத்திரி ஊற வெச்சிட்டு, காலைல பேன்சீப்பு போட்டு இழுத்தேன். நீதான சொன்ன, சவுரி மாதிரின்னு."



எங்கள் ஊர்ப்பக்கம் சவுரியை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டிலேயே ஆணியில் ஒன்று தொங்கியது. தலையிலிருந்து கழற்றி, எண்ணெயில் ஊறவைத்து, சிக்கெடுத்து மாட்டுவார்கள். எண்ணெய் காட்டாத சவுரி கயிறாகிவிடும். எல்லாப் பொம்பளைகளும் செய்ததை அவரும் செய்தார். அவர் படிக்கவில்லை, நான் படித்தேன். நான் படித்த கெமிஸ்ட்ரிக்கு, கேட்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

பெண் கண்ணாடி முன்னால் உட்கார்ந்ததும் ஒன்றுதான் கேட்டாள். "அக்கா, திங்கட்கிழமை சடை இருக்குமா?"

"இருக்கும் பாப்பா" என்றாள் அக்கா. எப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். அவர் திருப்பதியில்தான் இருந்தார். பட்டை எடுக்கும் திரவம், மறுபடி ஒட்டப் புது டேப், வீணாய்ப்போன இரண்டு பாக்கெட் பட்டைகளுக்கு அதே நிறத்தில் வேறு இரண்டு பாக்கெட் வேண்டும் என்றேன்.

"கிட் வாங்கினீங்களா ப்ரோ?"

"உங்களுக்கே தெரியும், வாங்கல."

"அப்ப வாரண்டி இல்ல. புதுசாத்தான் வாங்கணும். பாக்கெட் மூவாயிரத்துத் தொள்ளாயிரம். இந்த தடவை கிட்டோடதான் தருவேன். இல்லன்னா திரும்பவும் இதே கதைதான் நடக்கும்."

மத்தியானம் அவர் வந்தபோது ரோஸ் பெட்டியைப் பிடுங்கி உள்ளிருந்த தாளை எடுத்தேன். பதினாறு பக்கம். முழுக்க இங்கிலீஷ். தெலுங்கு ஒரு வரி இல்லை, தமிழ் ஒரு வரி இல்லை.

"இதை யார் படிக்கிறது? சின்னம்மாவா? இந்தப் பெட்டி அன்னைக்கே வாங்கியிருந்தாலும் அவங்க எண்ணெய் வெச்சிருப்பாங்க. மலைல குடுக்கிற முடி இந்த ஊர்லேந்துதான் உங்க கம்பெனிக்குப் போவுது சார். ஒட்டிக்கிற பொம்பளைங்களும் இந்த ஊர்தான். அவங்க பேசற பாஷைல எண்ணெய் படக்கூடாதுன்னு ஒரு வரி போட உங்க கம்பெனிக்கு எவ்வளவு ஆவும்? மூவாயிரத்து இருநூறுல அதுக்கு இடமில்லையா?"

"நான் ஏஜெண்ட் ப்ரோ. இதை அச்சடிச்சது நான் இல்ல."

"அன்னைக்கு வாரண்டி பேசினது மட்டும் நீங்களா?"

"நிறுத்துடா" என்றாள் அக்கா. கத்தவில்லை. கையில் எண்ணெயும் பசையுமாக நின்றுகொண்டு சொன்னாள். "அந்தாளு விக்க வந்தவன், வித்துக்கினு போவான். நீ நம்ம ஆளு. நீ சொன்னா அந்தம்மா நம்புவாங்க. அப்ப நீ இன்னும் நல்லா சொல்லியிருக்கணும்." பணத்தை எண்ணிக் கொடுத்து அவரை அனுப்பினாள். அவர் படி இறங்கும் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அக்கா சொன்னதுதான் அவரை விட அதிகமாகச் சுட்டது.

பட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்க அன்று பொழுது சாயும்வரை ஆனது. ஒவ்வொரு உருண்டையிலும் பெண்ணின் சொந்த முடி கொஞ்சம் கொஞ்சம் வந்தது. பத்து மாதம் வளர்ந்த முடி. அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னம்மா மூலை ஸ்டூலில் உட்கார்ந்து, "அவ அம்மாவுக்கு இன்னா சொல்லுவேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு பழைய பட்டையை எடுத்துக் காட்டினேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பசை விரலில் நழுவுவதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இதை அன்னிக்கே காட்டியிருந்தா" என்றார். பட்டையைத் திருப்பி என் கையில் வைத்தார்.

மறுநாள் இரண்டு முறை அலசிக் காயவைத்து, காதுக்குப் பின்னால் வழுக்கையான இடத்தை விட்டுவிட்டு அக்கா புதிதாக ஒட்டினாள். திங்கட்கிழமை நாராயணவனத்தில் கல்யாணம். சடை நின்றது. காதோரம் கனகாம்பரம் அடர்த்தியாக வைத்து மறைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா மேடையில் எல்லோர் முன்னாலும் சடையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா நீட்டாதான் கீது, யாரும் ஒண்ணும் பேச முடியாது" என்று சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தார். பெண்ணின் அம்மாவும் சிரித்தார். உயிர் பிழைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம், இந்த முடிக்கு என்ன ஆனது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. சாப்பிடாமல் வெளியே வந்துவிட்டேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார என்னால் முடியவில்லை.

இந்தச் செலவுக்குப் பணம் தர வேண்டாம் என்று அக்கா பெண்ணிடம் சொன்னாள். அவள் கேட்கவில்லை, பாதியை அனுப்பிவிட்டாள். நான் வாங்கியது ஐந்நூற்று அறுபத்தைந்து, திரவம் அறுநூற்று ஐம்பது, டேப் நானூற்று எண்பது, இரண்டு பாக்கெட் ஏழாயிரத்து எண்ணூறு, ரோஸ் பெட்டி மூவாயிரத்து இருநூறு. மலிவாக முடித்துத் தருகிறேன் என்று நான் சொன்ன பராமரிப்புக்கு, என் அக்காவும் அந்தப் பெண்ணும் கொடுத்தது பன்னிரண்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய்.